அத்தியாயம் 6: ஆட்டோக் கொட்டகையில் ஒரு தச்சு மேசை

அக்கரப்பத்தனைப் பக்கம் வாகனத்துக்கென்று சுவர் எழுப்பி அறை கட்டியவர்கள் மிகச் சிலர். ஏழு பேர்ச்சஸ் காணியில் எழும்பிய தனி வீடுகளில் பக்கச் சுவரோடு சேர்த்து நாலு கம்பம் நட்டு, தகரம் அடித்து, ஆட்டோவை நிறுத்துகிறோம். லயத்தில் இருப்பவர்களுக்கு இஸ்தோப்பின் ஒரு மூலையோ, கோடிக் காம்பிராவை ஒட்டிய சார்ப்போதான் உண்டு. இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் மேசை அப்படிப்பட்ட இடத்துக்கென்றே திட்டமிட்டது. நீளம் 5 அடி, அகலம் 22 அங்குலம், உயரம் 33 அங்குலம். எடை 80 கிலோவுக்குக் குறையாது. எட்டு போல்ட்டைக் கழற்றினால் துண்டு துண்டாகப் பிரித்து, வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம்.

இது ஆசாரி வீட்டுக்கு மட்டுமான பொருள் என்று எண்ண வேண்டாம். மண்வெட்டிக்கும் முள்ளுக்கும் பிடி போட, கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து வைத்துத் தீட்ட, மழையில் ஊறி உளுத்த கதவின் அடிப்பலகையை மாற்ற, கரட்டும் லீக்ஸும் ஏற்றும் பெட்டிக்கு ஆணி அடிக்க, பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை செய்ய என்று வருடம் முழுவதும் இதற்கு வேலை இருக்கும். பொருளை அசையாமல் பிடித்துக்கொடுக்க ஒரு இடம் இல்லாததால்தான் பாதி வேலைகளை நாம் கூலி கொடுத்துச் செய்விக்கிறோம்; மீதிப் பாதியைச் செய்யாமலே விடுகிறோம்.

நம் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்தவர்கள். தேரும் சப்பரமும் கோயில் கதவும் அப்படி உருவானவைதான். அந்த முறை சிறு வயதிலேயே பழகிய உடம்பைக் கேட்கும். காய்ந்த தரையையும் கேட்கும். இரண்டும் இல்லாதவர் நின்று வேலை செய்வதே நல்லது. ஆடி மாதத்தில் சீமெந்துத் தரையின் குளிர் இடுப்பில் ஏறும்போது இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உயரத்தை உங்கள் உடம்பை வைத்து முடிவு செய்யுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதுதான் மேசையின் உயரம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது 31 அங்குலத்துக்கும் 34 அங்குலத்துக்கும் இடையில் வரும். சீவுளி தள்ளும் வேலை அதிகம் என்றால் ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். தோள் பாரம் சீவுளியின் மேல் இறங்க வேண்டும். கீழே தரும் அளவுகள் 33 அங்குலத்துக்கானவை. உங்களுக்கு மாறினால் காலின் நீளத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மரத்தைக் காய வைத்த பிறகுதான் தச்சு

தச்சு நூல்கள் பலவும் மூட்டுகளில் இருந்து தொடங்கும். 4,000 அடிக்கும் மேலே, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்த வரிசை பொருந்தாது. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று மழை தொடங்கினால் புரட்டாசி வரை விடாது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மறுபக்கத்து மழை. நடுவில் மூடுபனி. டயகமவில் நனைந்த துணியைக் கொடியில் போட்டால் எத்தனை நாளில் காயும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மரமும் அதே காற்றில்தான் காய வேண்டும். இங்கே ஆடும் மேசை, கோணும் மேசை, வெடிக்கும் மேசை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: பச்சை மரத்தில் அவசரப்பட்டுச் செய்தது.

காரணத்தைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். வெட்டிய மரத்தில், உலர்ந்த நாரின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர் இருக்கும். அது 30 வீதத்துக்கு இறங்கும் வரை மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. அதற்குக் கீழே போகத் தொடங்கியதும் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே சுருங்காது, அகலவாக்கில்தான் சுருக்கம். அதிலும் வருட வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை குழிவதும் முறுக்குவதும் இந்த வேறுபாட்டால்தான். எங்கே போய் நிற்கும் என்றால், காற்றின் ஈரம் எங்கே நிறுத்துகிறதோ அங்கே. காற்றின் ஈரப்பதன் 60 வீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 11 வீதம் அளவில் நிற்கும். காற்று 80 ஆனால் மரம் 16. காற்று 90 ஆனால் மரம் 20ஐத் தொட்டுவிடும். மரம் வாழ்நாள் முழுவதும் இப்படி ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கொழும்பில் சூளையில் 12 வீதத்துக்குக் காய்ச்சிய பலகையை வாங்கி வந்தாலும், முதல் மழைக்காலத்தில் அது இங்கே ஊதும்.

இதை மேசைக்குப் பொருத்திப் பாருங்கள். 22 அங்குல அகலத்தில் ஒட்டிய ஒரே மேல்பலகை, ஈரம் 4 வீதம் ஏறி இறங்கினால் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக விரிந்து சுருங்கும். அதை நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் ஒன்று வெடிக்கும், அல்லது சட்டத்தைத் தள்ளும். இந்த நூலில் மேல்பலகையை ஒட்டாமல் மூன்று தனித் துண்டாகப் போடச் சொல்வது இதனால்தான்.

மரத்தை வாங்கிக் காய வைக்க உகந்த காலம் மார்கழிக் கடைசி. தையும் மாசியும் பங்குனியும்தான் நமக்குக் கிடைக்கும் காய்ச்சல் மாதங்கள். காலையில் கடும் பனி இருந்தாலும் பகல் வெயிலும் காற்றும் வேலை செய்யும். வந்த நாளே பலகைகளின் இரு முனைகளிலும் பழைய பெயின்ற்றையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் விரைவாக ஓடுவதால்தான் முதலில் அங்கே வெடிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் வைத்து, அவற்றின் தலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு அங்குலச் சதுரக் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலிருந்து கீழ் வரை குச்சிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். குச்சி விலகிய இடத்தில் பலகை வளைந்தே காயும், பிறகு அதை நிமிர்த்த முடியாது. கூரை இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். உச்சியில் கருங்கல் பாரம் வையுங்கள். நேரடி வெயிலில் போட வேண்டாம். வெயில் மேல்தோலை மட்டும் காய வைத்து வெடிக்கச் செய்யும்.

எப்போது காய்ந்தது என்று அறியக் கருவி வாங்கத் தேவையில்லை. அடுக்கும்போதே ஒரு பலகையின் நடுவிலிருந்து ஆறு அங்குலத் துண்டு ஒன்று அறுத்து, அதன் முனைகளுக்கும் பூசி, அடுக்கின் நடுவே சொருகி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அதைக் கடைக்குக் கொண்டுபோய் மின் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் அந்தத் துண்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்கு உதவாது, கிராம் கணக்கு வேண்டும். முதலில் மளமளவென்று இறங்கும். ஒரு மாதத்தில் குறைந்தது ஒரு வீதத்துக்கும் கீழே என்றால், உதாரணமாக 600 கிராம் துண்டில் ஆறு கிராமுக்கும் குறைவென்றால், நம் காற்றில் அந்த மரம் இதற்கு மேல் காயாது. அதுதான் தொடங்கும் நேரம். ஒன்றரை அங்குலப் பலகைக்கு நாலைந்து மாதம் ஆகலாம். 4 அங்குலக் கால்களுக்கு அதைவிடக் கூடும். கால்கள் சற்று ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. கால்களுக்குள் போகும் சட்டம் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சட்டத்தின் முனையில் செதுக்கிய காய்ந்த கழுந்தை ஈரக் காலின் துளைக்குள் இறக்கினால், கால் காயக் காயக் கழுந்தை நெருக்கிப் பிடிக்கும்.

எந்த மரம்

தேயிலை மலைகளில் நிழலுக்கு நட்ட சவுக்கு, அதாவது கிரெவில்லியா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இங்கே இலகுவாகக் கிடைப்பது அதுதான். நடுத்தர எடை, சீவுளிக்கு இணங்கும், ஆரவாக்கில் அறுத்தால் பளபளக்கும் புள்ளிப் புள்ளியான அழகு. மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் போதுமான உறுதி உண்டு. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். நீளக் கைச் சட்டையும் மூக்குக்குத் துணியும் அவசியம். வெளிறுப் பகுதியில் மாச்சத்து இருப்பதால் மரம் உளுக்கும் பூச்சி விரும்பித் தின்னும். அதற்கு மருந்து: போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு சேர்த்து, லீற்றருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, பலகை பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று தரம் பூசி, பொலித்தீனால் மூடி ஒரு கிழமை வைத்துப் பிறகு காய அடுக்குவது. ஈரத்தின் வழியாகவே மருந்து உள்ளே போகும். காய்ந்த பிறகு பூசினால் மேலோடு நின்றுவிடும். மழை பட்டால் கரைந்தும் போகும். பூசும்போது கையுறை போடுங்கள். மீந்ததைப் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வையுங்கள்.

கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் யூக்கலிப்டஸ். கனம், கடினம், ஆணியை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் இந்த மரம் வளரும்போதே உள்ளுக்குள் இழுவிசையைச் சேர்த்து வைத்திருக்கும். அறுத்தவுடன் அது விடுபட்டு மரம் வளையும், நடுவில் பிளக்கும். ஆகவே 4க்கு 4 கால் வாங்கும்போது இரு முனைகளையும் பாருங்கள். வளையங்களின் நடுமையம் அந்தத் துண்டுக்குள் எங்காவது இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மில்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடுமையம் உள்ள கால் காயும்போது கட்டாயம் வெடிக்கும். பைன் தட்டுப் பலகைக்கு ஆகும். அல்பீசியா மிக மெது, விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது பழைய கட்டட மரம். லயம் இடிக்கும்போதும் பழைய தேயிலை ஸ்டோரின் தளம் பிரிக்கும்போதும் கிடைக்கும் உத்திரங்கள் பல பத்தாண்டுகளாகக் காய்ந்தவை, இனிக் கோண வேண்டியதெல்லாம் கோணி முடித்தவை. வாங்கியவுடன் ஒவ்வொரு அங்குலமாகத் தடவி ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரு துரு ஆணி சீவுளியின் அலகைக் கெடுத்துவிடும். எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பற்றுச்சீட்டு விடயத்தை இலேசாக எடுக்க வேண்டாம். தோட்டத்துக் காணியில் நிற்கும் மரம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். காற்றில் விழுந்தாலும் அப்படித்தான். வீட்டுக் காணியில் நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் காக்கிறது. அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. மற்ற மரங்களையும் வண்டியில் ஏற்றுமுன் கிராம சேவகரிடம் என்ன கடதாசி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1968இல் தொடங்கிய அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினாலும், ஹட்டன் அல்லது தலவாக்கலை மரக்காலைகளில் வாங்கினாலும் பற்றுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

நம் மலைகளில் இருந்து மேசைக்கால் புறப்படுவது புதிதன்று. 1869க்குப் பிறகு இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, செத்த கோப்பி மரங்களின் தண்டுகளைப் பட்டை உரித்து, மேசைக்கால்களாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நம் கால்கள் நம் கொட்டகையிலேயே நிற்கட்டும்.

மொத்தம் ஏறக்குறைய நாலரைக் கன அடி மரம் மேசைக்குள் போகும். கழிவுக்கும் சேர்த்து ஆறு கன அடி வாங்குங்கள்.

ஏன் இந்த அமைப்பு

ஸ்கொட்லாந்துக்காரரான பீற்றர் நிக்கல்சன் 1812இல் வெளியிட்ட தச்சு நூலில் காணும் மேசையைத் தழுவியது இது. மேல்பலகைக்குக் கீழே முன்னும் பின்னும் அகலப் பலகையை நெட்டாக நிறுத்தி, அதைக் காலோடு இறுக்குவதுதான் அதன் உயிர். கனமான ஒரே அடிமரப் பலகை கிடைக்காத இடத்துக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு எனக்குத் தெரியாது. ஒன்றரை அங்குலத் தடிப்பும் 9 அங்குல அகலமும் உள்ள பலகையைப் படுக்க வைத்தால் வளையும். அதையே நிமிர்த்தி வைத்தால் அதன் விறைப்பு 36 மடங்கு. செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது.

மேசை ஆடுவது பாரம் தாங்காததால் அன்று. சீவுளி தள்ளும்போது விசை நீளவாக்கில் போகிறது. கால்கள் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கின்றன. 4 அங்குலச் சட்டம் காலைத் தொடும் இடத்தில் 4 அங்குலப் பிடிதான் இருக்கும். 9 அங்குலப் பக்கப்பலகை தொடும் இடத்தில் 9 அங்குலப் பிடி இருக்கும். அதனால் இந்த மேசைக்கு நீளவாக்கில் கீழ்ச்சட்டம் எதுவும் கிடையாது.

செய்முறை

கால்கள் நாலு: 4க்கு 4, நீளம் 31 அங்குலம். குறுக்குச் சட்டங்கள் நாலு: 4க்கு 2, நீளம் 18 அங்குலம். அதில் இரு முனையிலும் 3 அங்குலம் கழுந்து. இரண்டு காலையும் இரண்டு சட்டத்தையும் சேர்த்தால் 20 அங்குல அகலத்தில் ஒரு ஏணிச் சட்டகம் வரும். மேல்சட்டம் காலின் தலையோடு சமம், கீழ்ச்சட்டம் தரையிலிருந்து 6 அங்குலம். இப்படி இரண்டு. மேல்சட்டத்தின் கழுந்தில் மேலிருந்து ஒரு அங்குலத்தை வெட்டிக் குறைத்துவிடுங்கள். அப்போதுதான் காலின் தலையில் துளை திறந்து நிற்காது.

கழுந்தின் தடிப்பு முக்கால் அங்குலம்; உங்களிடம் உள்ள உளியின் அகலம் வேறென்றால் அதையே தடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். துளையை முதலில் துறப்பணத்தாலோ ட்ரில்லாலோ வரிசையாகத் துளைத்துவிட்டு, உளியால் சுவரை நேராக்குங்கள். துளை 3 அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதலான ஆழம் போகட்டும். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. கழுந்து கை அழுத்தத்தில் பாதி தூரம் போய், கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் மீதி போக வேண்டும். ஓங்கி அடித்துத்தான் இறங்குகிறது என்றால் காலைப் பிளக்கும். தானாக விழுகிறது என்றால் தளர்வு. கழுந்தின் கன்னத்தைச் சீவும்போது ஒரு தடவைக்கு ஒரு சுருள் மட்டும் எடுத்து, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள். அவசரம் காட்டக் கூடாத இடம் இது.

இந்த மூட்டுக்குப் பசை வேண்டாம். வெள்ளைப் பசை குளிர்ந்த காலையில் சரியாகப் பிடிக்காது, காய்ந்து சுண்ணாம்பாக உதிரும்; நீண்ட மழைக்காலத்தின் ஈரமும் அதைத் தளர்த்தும். பதிலாக முளை அடியுங்கள். காலின் ஊடாக அரை அங்குலத் துளை போடுங்கள். கழுந்தை உள்ளே விட்டு, அந்தத் துளையின் வழியே ட்ரில் முனையால் கழுந்தில் அடையாளம் குத்தி, வெளியே எடுங்கள். கழுந்தில் போடும் துளையை அந்த அடையாளத்திலிருந்து அரை நூல் சட்டத்தின் தோள்பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். இரண்டு துளையும் இப்போது நேராக இருக்காது. முனை கூராக்கிய முளையை அடிக்கும்போது அது வளைந்து போய், சட்டத்தைக் காலோடு இழுத்துக் கட்டிவிடும். மரம் எத்தனை சுருங்கினாலும் அந்த இழுவை தளராது.

முளையை யூக்கலிப்டஸ் வைரத்தில் நார் நேராக ஓடும் துண்டைப் பிளந்து செதுக்குங்கள்; வாளால் அறுத்தால் நார் அறுபட்டு முளை முறியும். செதுக்கியதும், மிலாறு காய வைக்கும் அடுப்புப் பரணில் இரண்டு கிழமை போட்டுவிடுங்கள். காலை விட முளை காய்ந்திருந்தால், உள்ளே போன பிறகு ஈரம் இழுத்து ஊதி இன்னும் இறுகும்.

ஏணிச் சட்டகம் இரண்டும் தயாரானதும் பக்கப்பலகைகள்: ஒன்றரை அங்குலத் தடிப்பு, 9 அங்குல அகலம், 5 அடி நீளம், இரண்டு. இரு முனையிலிருந்தும் 8 அங்குலம் விட்டுக் கால் வரும் இடத்தைக் குறியுங்கள். காலின் அகலத்தை அளவுகோலால் எடுக்காமல், காலையே அந்த இடத்தில் வைத்துக் கூரான கத்தியால் கோடு கீறுங்கள். எந்தக் கால் எந்தக் குழி என்று 1, 2, 3, 4 எழுதுங்கள். அந்தக் கோடுகளுக்குள் அரை அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். கைவாளால் கோட்டின் உள்பக்கம் அறுத்து, நடுவில் இன்னும் நாலைந்து வெட்டுப் போட்டு, உளியால் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தட்டினால் கட்டை கட்டையாகப் பெயர்ந்து வரும். கால் அந்தக் குழியில் இறுக உட்கார வேண்டும். மேசை ஆடாமல் இருப்பது இந்த நாலு குழியின் சுவர்களால்தான். போல்ட் காலைக் குழிக்குள் பிடித்து வைக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

பக்கப்பலகையின் மேல் விளிம்பு காலின் தலையை விட அரை நூல் தாழ்ந்து நிற்கட்டும். மழையில் பலகை ஊதும்போது மேல்பலகையைத் தூக்காமல் இருக்க இந்த இடைவெளி. பிறகு ஒவ்வொரு காலுக்கும் இரண்டு போல்ட், அரை அங்குலத் தடிப்பு, ஐந்தரை அங்குல நீளம். ஒன்று மேலே இடப்பக்கம், மற்றது கீழே வலப்பக்கம் என்று கோணலாகப் போடுங்கள். மேல்சட்டத்தின் கழுந்தில் இடிக்காத இடமாகப் பாருங்கள். போல்ட்டின் தலை பலகைக்குள் அரை அங்குலம் அமிழ வேண்டும், இல்லாவிட்டால் சட்டையும் பொருளும் அதில் மாட்டும். பெரிய வாசர் கட்டாயம். வெறும் நட்டு மரத்துக்குள் புதைந்துவிடும். நாகம் பூசிய போல்ட்டே வாங்குங்கள்.

முழுதாக முறுக்குமுன் எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக இருந்தால் சட்டகம் சதுரம். வேறுபட்டால் நீளமான மூலையைக் கொட்டாப்புளியால் தட்டிச் சரிசெய்துவிட்டு முறுக்குங்கள்.

மேல்பலகை மூன்று துண்டு. தடிப்பு 2 அங்குலம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழேகால் அங்குல அகலம், 5 அடி நீளம். வருட வளையத்தின் வளைவைப் பாருங்கள். மரத்தின் நடுப்பக்கம் இருந்த முகத்தை மேலே வையுங்கள். பிறகு காய்ந்தாலும் ஓரம் கீழே அமர்ந்து, நடு சற்று உயரும். அதைச் சீவிவிடுவது எளிது. மேல்சட்டங்கள் இரண்டின் மேலும், நடுவில் பக்கப்பலகைகளுக்கு இடையே பொருத்திய இன்னொரு 3க்கு 2 சட்டத்தின் மேலும் இவை படுக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு திருகாணி, பலகையின் நடுக்கோட்டில், கீழிருந்து மேலாக. இப்படிச் செய்தால் ஒவ்வொரு பலகையும் தன் நடுவைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் தாராளமாக விரியும், சுருங்கும்.

பலகைகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது நீங்கள் பூட்டும் மாதத்தைப் பொறுத்தது. மாசி, பங்குனியில் பூட்டினால் ஒரு நூல் விடுங்கள். ஆடியில் அது ஏறக்குறைய மூடிக்கொள்ளும். ஆடியில் பூட்டினால் ஒட்டியே வையுங்கள். இடைவெளி தானாக வரும்.

பூட்டிய பிறகு மேற்பரப்பைச் சமமாக்க வேண்டும். ஒரே தடிப்பும் நேரான விளிம்பும் கொண்ட இரண்டு அடிக் குச்சிகள் இரண்டை எடுத்து, ஒன்றை மேசையின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் குறுக்கே வையுங்கள். குனிந்து, முதல் குச்சியின் மேல்விளிம்பு வழியாக இரண்டாவதைப் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றாகத் தெரிந்தால் முறுக்கில்லை. ஒரு மூலை உயர்ந்து தெரிந்தால் அந்த மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் சீவுங்கள். முதலில் குறுக்காக, பிறகு கோணலாக, கடைசியில் நீளவாக்கில். கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டாம், பொருள் வழுக்கும்.

நிறுத்தும் இடமும் பிடிகளும்

கொட்டகை 8 அடி அகலம் என்றால் ஆட்டோ நாலேகால் அடியை எடுத்துக்கொள்ளும். மேசையைச் சுவரோடு வைத்தால் ஆட்டோவும் நிற்கும். வேலை செய்யும்போது வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். இடத்தைத் தெரிவு செய்யுமுன் ஒரு விடியற்காலை தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரவுக் குளிரில் தகரம் வேர்த்து, வரிசை வரிசையாகச் சொட்டும். சொட்டும் வரிசையின் கீழ் மேசையை வைக்காதீர்கள். வேறு இடமில்லை என்றால் தகரத்தின் அடியில் மெத்தைத் தாளோ பழைய பொலித்தீன் பனரோ இழுத்துக் கட்டுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கி வையுங்கள், காற்று போகட்டும்.

காலின் அடிதான் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வாய். உருக்கிய மெழுகை அடியில் ஊற்றிக் குடிக்க விட்டு, கழித்த ஆட்டோ டயரில் 4 அங்குலச் சதுரம் வெட்டி அதன் கீழ் ஆணி அடித்துவிடுங்கள். ஈரமும் ஏறாது, மேசையும் வழுக்காது. கரையான் புற்று தெரிந்தால் காலுக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்து, கிழமைக்கு ஒரு தரம் குனிந்து பாருங்கள்.

கீழ்ச்சட்டங்களின் மேல் ஒரு அங்குலப் பலகைகளை நீளவாக்கில் பரப்பித் தட்டு ஆக்குங்கள். கருவிப் பெட்டியும் சீமெந்துக் கட்டியும் அதில் ஏறினால் மேசையின் எடை நூறு கிலோவைத் தாண்டும்.

வைஸ் வாங்கக் காசு இருந்தால் இரும்பு வைஸ் ஒன்றை முன்பக்கம் இடக்கைப் பக்கமாகப் பூட்டுங்கள். இல்லாவிட்டாலும் மேசை முடங்காது. கவ்வாத்துக் கத்தி அடிக்கும் கொல்லரிடம், முக்கால் அங்குலக் கம்பியில் தலைகீழான எல் வடிவப் பிடி ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். மேல்பலகையில் முக்கால் அங்குலத்தைவிட மயிரிழை பெரிய துளைகள் நாலு. பிடியை அதில் இறக்கி, தலையில் சுத்தியலால் ஒரு தட்டு; பலகை அசையாது. பின்புறம் ஒரு தட்டு, விட்டுவிடும். பக்கப்பலகையிலும் இரண்டு வரிசைத் துளை போட்டு முளை சொருகினால், நீளப் பலகையை நெட்டாக வைத்து விளிம்பு சீவலாம்.

மேற்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போதும். மெல்லியதாகப் பூசி, துடைத்து, இரண்டு நாள் விட்டு மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். கருவிகளுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் குளிரில் அது உறைந்துவிடும். தையல் மெசின் எண்ணெய் நல்லது.

இனி வருடத்துக்கு இரண்டு தரம், தையிலும் ஆடியிலும், எட்டு போல்ட்டையும் சோதியுங்கள். தையில் மரம் சுருங்கி நட்டு தளர்ந்திருக்கும். கால் சுற்று அரைச் சுற்று முறுக்குங்கள். ஆடியில் மரம் ஊதி இறுக்கமாக இருக்கும். தொட வேண்டாம், வாசர் மரத்துக்குள் புதைகிறதா என்று மட்டும் பார்த்து, புதைந்தால் பெரிய வாசர் மாற்றுங்கள். இதற்கு ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும் போதும்.